பித்திலியானோ: பாறைக்குள் பாதி ஊர்

இத்தாலிக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் ரோமில் ரயில் ஏறி ஒன்றரை மணி நேரத்தில் ஃபுளோரன்ஸில் இறங்கிவிடுகிறார்கள். அந்தத் தண்டவாளத்துக்கு மேற்கே, தஸ்கனி மாநிலம் முடிந்து லாட்சியோ தொடங்கும் எல்லையோரத்தில், மரெம்மா என்றொரு நிலம் இருக்கிறது. அதன் கடலோரம் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போன சதுப்பு. உள்ளே வரவர நிலம் மேடாகி எரிமலைப் பாறையாக மாறும். ரயில் எட்டிப் பார்க்காத அந்தப் பாறை மேட்டில்தான் பித்திலியானோ இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 313 மீட்டர் உயரம், நாலாயிரத்துக்கும் குறைவான மக்கள். தஸ்கனியின் சியேனா நகரத்தைத் தெரிந்தவர்களுக்கும் இந்தப் பெயர் புதிதாக இருக்கலாம்.

படங்களில் பார்த்தால் அதன் தோற்றம்தான் கண்ணை இழுக்கும். நீண்ட பாறை முகடு, அதன் விளிம்பு வரை நெருக்கியடித்து நிற்கும் வீடுகள், பாறையும் சுவரும் ஒரே காவி நிறத்தில் இருப்பதால் எங்கே பாறை முடிகிறது, எங்கே வீடு தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் காட்சிக்காகவே வருகிறவர்கள் உண்டு. அங்கே தங்கித் திரிந்த பிறகு எனக்குத் தோன்றியது வேறு. இந்த ஊரின் முக்கியமான விஷயங்கள் மேலே இல்லை. வீடுகளுக்கு அடியில், பாறையைக் குடைந்த அறைகளில், பள்ளத்தாக்கை வெட்டிப் போட்ட பாதைகளில் இருக்கின்றன. அங்கே இறங்காமல் திரும்பிவிட்டால் ஊரின் பாதியைப் பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன்.

முதலில் பாறையைச் சொல்லிவிடுகிறேன். கிழக்கே கொஞ்ச தூரத்தில் பொல்சேனா ஏரி. அந்த வட்டாரம் முழுக்க, சில லட்சம் ஆண்டுகளுக்கு முன் வெடித்துக்கொண்டிருந்த எரிமலைகளின் நிலம். அவை கக்கிய சாம்பல் படிந்து இறுகியதுதான் இந்தக் கல். டூஃபோ என்பார்கள். புதிதாக வெட்டும்போது வெல்லக்கட்டி போல வெட்டுக்கு இளகிக் கொடுக்கும், காற்றுப் பட்டால் இறுகிவிடும். லென்ட்டே, மெலெத்தா, ப்ரோக்கியோ என்ற மூன்று ஓடைகள் இந்தக் கல்லை அரித்து அரித்துப் பள்ளமாக்கிவிட்டன. நடுவில் மிஞ்சிய முகடு மூன்று பக்கமும் செங்குத்தாக நின்றது. காவலுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. வீடு கட்டக் கல் வேண்டுமென்றால் கீழே தோண்டினால் போதும். தோண்டி எடுத்த இடம் நிலவறை ஆகிவிடும், எடுத்த கல் சுவராகிவிடும். இப்படித்தான் ஊர் மேலே வளர வளரக் கீழேயும் வளர்ந்திருக்கிறது.

நான் ஓர்வியெத்தோவில் கார் எடுத்துக்கொண்டு, சான் லொரென்ஸோ நுவோவோ வழியாக வந்தேன். அந்த ஊர் தாண்டும்போது பொல்சேனா ஏரி முழுசாகக் கண்ணில் விரியும், அங்கே ஒரு நிமிஷம் நிற்கத் தோன்றும். அதற்குப் பிறகு திராட்சைத் தோட்டம், ஆலிவ் தோப்பு, மறுபடி திராட்சைத் தோட்டம். இந்தப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிழக்கே இருந்து நுழைந்தால் முதலில் வருவது புது ஊர். சாதாரண அடுக்குமாடிகள், பெட்ரோல் பங்க், மளிகைக் கடை. இதற்கா இவ்வளவு தூரம் என்று நினைக்க வேண்டாம். அதே சாலையில் பழைய ஊரைச் சுற்றிக் கீழே இறங்கி, மன்சியானோ போகும் திசையில் எதிர்மேட்டில் ஏறுங்கள். மதோன்னா தெல்லே க்ராட்சியே தேவாலயத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பாருங்கள். சாயங்கால வெயில் அந்தப் பாறை மேல் நேராக விழும் நேரம் என்றால் இன்னும் நல்லது.

அந்த இடத்தில் நின்று வீடுகளை மட்டும் பார்க்காமல் வீடுகளுக்குக் கீழே பாருங்கள். பாறை முழுக்கத் துளைகள். சில துளைகளுக்குக் கதவு இருக்கிறது, சிலவற்றுக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள், சில இருட்டாகத் திறந்தே கிடக்கின்றன. எத்ருஸ்கர்கள் கல்லறையாக வெட்டியதைப் பின்னால் வந்தவர்கள் கழுதைத் தொழுவமாக, புறாக்கூடமாக, ஒயின் அறையாக மாற்றிக்கொண்டார்கள். எத்ருஸ்கர்கள் ரோமானியர்களுக்கு முன்பே இந்த நிலத்தில் நகரம் கட்டி வாழ்ந்தவர்கள். ஒரே குகைக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் வேலை இருந்திருக்கிறது.

ஊரின் எழுதப்பட்ட வரலாறு 1061-ஆம் ஆண்டின் ஒரு போப்பாண்டவர் ஆவணத்தில் தொடங்குகிறது. அப்புறம் அல்தோப்ராந்தெஸ்கி குடும்பம். அந்த வம்சத்தின் பெண் வழியில் வந்த அனஸ்தாசியா 1293-ல் ரோமின் ஓர்சினி குடும்பத்தில் மணமுடித்ததால் ஊர் ஓர்சினிகள் கைக்குப் போனது. மூன்று நூற்றாண்டுகள் அவர்கள்தான் பிரபுக்கள். கரடி அவர்கள் சின்னம், ஊருக்குள் கல்லில் கரடி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். அவர்கள் கோட்டை இப்போது அருங்காட்சியகம். 1600-களின் தொடக்கத்தில் ஃபுளோரன்ஸின் மெடிச்சிகள் ஊரை எடுத்துக்கொண்டார்கள். ஊர் வாசலில் பெரிய வளைவுகளோடு நிற்கும் நீர்க்கால்வாய் ஓர்சினிகள் காலத்தில் தொடங்கி மெடிச்சிகள் காலத்தில் முடிந்தது. அரசர், பிரபு கதையை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் சொல்ல வந்தது வேறு ஆட்களைப் பற்றி.

பழைய ஊருக்குள் கார் போகாது, போனாலும் பயன் இல்லை. நீளவாக்கில் இரண்டு மூன்று தெருக்கள், அவற்றை இணைக்கும் சந்துகள். சந்தில் திரும்பினால் நாலு வீடு தாண்டித் தெரு முடிந்துவிடும். கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் பள்ளத்தாக்கு. காலையில் அந்தப் பள்ளத்தில் மூடுபனி நிரம்பியிருக்கும், ஓடைச் சத்தம் மட்டும் மேலே வரும். அந்தத் தெருக்களில் ஒன்றுக்கு இந்த ஊரில் 1702-ல் பிறந்த ஓவியர் ஃபிரான்செஸ்கோ ஸுக்கரெல்லியின் பெயர். லண்டன் ராயல் அகாதமியை 1768-ல் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். அந்தத் தெருவில்தான் யூதர் குடியிருப்பு இருந்தது.

பித்திலியானோவை இத்தாலியில் சின்ன ஜெருசலேம் என்று அழைக்கிறார்கள். காரணம் எல்லைக்கோடு. 1555-ல் போப் நான்காம் பவுல், தன் ஆட்சியில் இருந்த யூதர்களை மதில் போட்ட சேரிகளுக்குள் அடைக்கச் சொன்னார். 1569-ல் போப் ஐந்தாம் பியுஸ் இன்னும் ஒரு படி போனார். ரோம், அன்கோனா இரண்டையும் தவிர, திருச்சபை ஆட்சிப் பகுதியில் வேறெங்கும் யூதர்கள் இருக்கக் கூடாது. தலைமுறை தலைமுறையாக லாட்சியோவின் சின்ன ஊர்களில் வாழ்ந்தவர்கள் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. திருச்சபை எல்லையைத் தாண்டினால் சில மைல்களிலேயே ஓர்சினிகளின் தனிச் சிற்றரசு. பித்திலியானோ, சொரானோ, சொவானா எல்லாம் அதில் அடக்கம். பிரபுக்களுக்குக் கடன் கொடுக்க, வியாபாரம் நடத்த, வைத்தியம் பார்க்க ஆள் வேண்டும். வந்தவர்களுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். இதைப் பெரிய தாராள மனசு என்று நான் சொல்லமாட்டேன், இரண்டு பக்கத்துக்கும் தேவை இருந்தது. ஆனால் தேவையில் தொடங்கிய உறவு அதோடு நிற்கவில்லை.

அந்த வைத்தியர்களில் ஒருவர் தாவிது தெ போமிஸ். பிரபு நான்காம் நிக்கோலோ ஓர்சினியின் மருத்துவர். போமிஸின் மனைவி இறந்தபோது அடக்கம் செய்யப் பிரபு கொடுத்த நிலத்தில்தான் ஊருக்கு வெளியே யூதர் கல்லறைத் தோட்டம் உருவானது. சரிவில், சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே, இன்றும் இருக்கிறது. ஒரு சமூகம் ஓர் இடத்தில் வேர் பிடித்துவிட்டது என்பதற்கு, அங்கே தன் இறந்தவர்களைப் புதைக்கத் தொடங்குவதைவிடப் பெரிய அடையாளம் வேண்டுமா? 1598-ல் ஜெப ஆலயமும் கட்டினார்கள்.

மெடிச்சிகள் வந்ததும் நிலைமை இறுகியது. 1622-ல் இங்கேயும் யூதர்களை ஒரே பகுதிக்குள் ஒதுக்கினார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்ல வந்த அதிகாரிகள் தடியால் கதவைத் தட்டினார்களாம். அந்தத் தடியின் வடிவத்தில் ஒரு பலகாரம் ஊரில் இன்றும் செய்கிறார்கள். ஸ்ஃப்ராத்தோ என்று கேட்டால் எந்த அடுமனையிலும் கிடைக்கும். மெல்லிய மாவுக்குள் வால்நட்டும் தேனும் ஆரஞ்சுத் தோலும் ஜாதிக்காயும் அடைத்து, நீளமாக உருட்டிச் சுட்டு, துண்டு போட்டுக் கொடுப்பார்கள். அதிகம் தித்திக்காது, தேனின் லேசான கசப்பு நாக்கில் தங்கும். யூதர் வீடுகளில் புத்தாண்டுக்குச் செய்தது, பின்னால் கிறிஸ்தவர் வீடுகளில் கிறிஸ்துமஸ் பலகாரம் ஆனது. விரட்டப்பட்டவர்களின் நினைவை அண்டை வீட்டார் தங்கள் பண்டிகையில் சேர்த்துக்கொண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. கடையில் வாங்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டேன், மறுநாளும் வாங்கினேன்.

ஜெப ஆலயம் சின்னது. வேதச் சுருள்களை வைக்கும், மரத்தில் செதுக்கிய திருப்பேழை, ஓரமாகப் பெண்கள் உட்காரும் மாடம், மரச் சட்டத் தடுப்பு. 1960-களில் கூரையும் சுவரும் இடிந்து விழுந்து, பல வருஷம் அப்படியே கிடந்து, 1995-ல் திரும்பக் கட்டி முடித்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் படி இறங்கினால் வருவதுதான் உண்மையான இடம்.

படிகள் பாறையிலேயே வெட்டியவை. இறங்க இறங்கக் காற்று குளிர்ந்துகொண்டே போகும். முதலில் ரொட்டி அடுப்பு. பாஸ்கா பண்டிகைக்கு முன் குடும்பங்கள் முறைபோட்டு வந்து புளிக்காத ரொட்டி சுட்ட இடம், இரண்டாம் உலகப் போருக்கு முன்புவரை எரிந்த அடுப்பு. கூரையில் கரி இன்னும் இருக்கிறது. அடுத்து, யூத முறைப்படி இறைச்சி வெட்டிய அறை. ஒயின் அறை. துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டிகள். எல்லாவற்றுக்கும் கீழே சடங்குக் குளியலுக்கான குழி, ஊற்றும் மழையும் தரும் தண்ணீர்தான் அதில் நிற்க வேண்டும் என்பது விதி. ஒரு சமூகம் உண்டது, உடுத்தது, குளித்தது, பண்டிகை கொண்டாடியது எல்லாம் இந்தப் பாறைக்குள். உளியின் தடம் சுவர் முழுக்க வரிவரியாகத் தெரிகிறது. கையை வைத்துப் பார்த்தேன், ஈரமாக இருந்தது.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஊரில் பத்தில் ஒருவர் யூதர். ஏறக்குறைய நானூறு பேர். அதற்குமுன் 1799-ல், பிரெஞ்சுப் படை பின்வாங்கிய குழப்ப காலத்தில், வெளியிலிருந்து வந்த படையாட்கள் யூதர் வீடுகளைக் கொள்ளையடிக்கத் தொடங்கினார்கள். எதிர்த்து நின்று அவர்களை விரட்டியவர்கள் ஊரின் கிறிஸ்தவர்கள். 1876-ல் இங்கே பிறந்த தாந்தே லாத்தெஸ் இத்தாலிய யூத அறிவுலகில் பெரிய பெயர். அப்படியிருந்த சமூகம் ஏன் கரைந்தது? துன்பம்தான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். முதல் காரணம் விடுதலை. இத்தாலி ஒன்றுபட்டு, யூதர்களுக்குச் சம உரிமை கிடைத்து, எங்கும் குடியேறலாம், எதையும் படிக்கலாம் என்று ஆனதும் இளைஞர்கள் ரோமுக்கும் ஃபுளோரன்ஸுக்கும் போய்விட்டார்கள். ரயில் வராத மலையூரில் யார் இருப்பார்கள்? 1938-ல் முசோலினி அரசு இனச் சட்டங்களைக் கொண்டுவந்தபோது மிச்சமிருந்தவை கொஞ்சம் குடும்பங்கள்தான். ஒரே நாளில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள்.

1943 செப்டம்பரில் ஜெர்மானியர்கள் இத்தாலியை ஆக்கிரமித்தார்கள். அந்த நவம்பரில் இதே க்ரோசெத்தோ மாவட்டத்தில், ரொக்காதெதெரிகி என்ற ஊரில் யூதர்களை அடைக்க ஒரு முகாம் திறந்தது. க்ரோசெத்தோ மறைமாவட்டத்துக்குச் சொந்தமான குருமடக் கட்டிடம் அது. அங்கிருந்து ஃபொஸ்ஸோலி இடைமுகாமுக்கும், ஃபொஸ்ஸோலியிலிருந்து ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கும் ஆட்களை அனுப்பினார்கள். பித்திலியானோ என்றாலே காப்பாற்றிய கதை மட்டும் சொல்லப்படுவதால் இதையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த ஊரைச் சேர்ந்தவர்களிலும் போய்த் திரும்பாதவர்கள் உண்டு.

காப்பாற்றிய கதையும் உண்மை. ஊரைச் சுற்றியிருந்த விவசாயக் குடும்பங்கள் யூதக் குடும்பங்களைத் தங்கள் வீடுகளில், வைக்கோல் கொட்டகைகளில் மறைத்து வைத்தார்கள். தேடுதல் நெருங்கியபோது குகைகளுக்குக் கூட்டிப்போனார்கள். எத்ருஸ்கர்கள் வெட்டி, பின்னால் வந்தவர்கள் மாடு கட்டி, ஒயின் வைத்த அதே டூஃபோ குகைகள். ராத்திரியில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிடிபட்டால் தங்கள் குடும்பமும் போகும் என்று தெரிந்தே செய்தார்கள். அவர்களில் பலருக்குப் பின்னாளில் இஸ்ரேலின் யாத் வாஷெம் நிறுவனம் நன்றி சொல்லும் பட்டம் கொடுத்தது. அப்படி மறைந்து பிழைத்த குழந்தைகளில் ஒருவர் எலெனா செர்வி. வளர்ந்து, ஊர் திரும்பி, 1996-ல் லா பிக்கோலா ஜெருசலெம்மே (சின்ன ஜெருசலேம்) என்ற சங்கத்தைத் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் யூதர் அல்லாதவர்கள். அருங்காட்சியகமும் ஜெப ஆலயமும் இன்று திறந்திருப்பதற்கு அந்தச் சங்கத்தின் உழைப்பு முக்கியக் காரணம். யூதர் கூட்டுத் தொழுகைக்குத் தேவையான பத்து ஆண்கள்கூடச் சேராத ஊரில், இத்தனை பேர் அந்த இடத்தைப் பெருக்கித் துடைத்துக் காப்பாற்றி வருகிறார்கள்.

மறுநாள் பள்ளத்தாக்கில் இறங்கினேன். வியே காவே (ஒருமையில் வியா காவா) என்ற எத்ருஸ்கப் பாதைகள் இந்த வட்டாரத்துக்குப் பேர் வாங்கித் தந்தவை. மலைச்சரிவை மேலிருந்து கீழே பிளந்த மாதிரி வெட்டியிருக்கிறார்கள். அகலம் இரண்டு மூன்று மீட்டர், இரண்டு பக்கச் சுவரும் சில இடங்களில் இருபது மீட்டருக்கு மேல். மேலே மரங்கள் கவிந்திருப்பதால் நடுப்பகலிலும் அரை வெளிச்சம். சுவர் முழுக்கப் பாசி, பெரணி, வெளியே தெரியும் வேர்கள். எதற்காக இவ்வளவு பாடுபட்டு வெட்டினார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஓடைக்கும் மேட்டுக்கும் வண்டி போக என்கிறார்கள் சிலர். கல்லறைகளுக்கு நடுவே போவதால் சடங்குப் பாதை என்கிறார்கள் சிலர். நடந்து பார்த்தபோது எனக்கு இரண்டாவதில்தான் மனசு நின்றது. வண்டிக்கு மட்டும் என்றால் இவ்வளவு ஆழம் வேண்டியதில்லை. கிறிஸ்தவம் வந்த பிறகு மக்கள் இந்த இருட்டுக்குப் பயந்து சுவரில் மாடம் குடைந்து புனிதர் படங்கள் வரைந்து வைத்திருக்கிறார்கள், பேய் அண்டாமல் இருக்க.

நான் தங்கிய வீட்டுக்கார அம்மாவிடம் ராத்திரி சாப்பாட்டின்போது இந்தப் பாதையைப் பற்றிக் கேட்டேன். அவர் வைத்தது அக்வாகோத்தா. காய்ந்த ரொட்டி மேல் வெங்காயம், செலரி, தக்காளி வெந்த சாற்றை ஊற்றி முட்டை உடைத்துப் போடும் மரெம்மா ஏழைகளின் சாப்பாடு. பக்கத்தில் அடியறையிலிருந்து எடுத்துவந்த வெள்ளை ஒயின். இந்த ஊர் ஒயினுக்கு 1966-லேயே அரசு முத்திரை கிடைத்துவிட்டது. அவற்றில் சான் ஜுசெப்பே என்ற பாதையைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. மார்ச் 19, புனித சூசையப்பர் நாள், இத்தாலியில் அவர்தான் சான் ஜுசெப்பே. இருட்டியதும் முகம் மூடிய அங்கிகளோடு இளைஞர்கள் எரியும் நாணல் கட்டுகளைத் தோளில் சுமந்து அந்தப் பாதை வழியாக ஊருக்கு ஏறி வருவார்கள். சதுக்கத்தில் நாணலால் செய்த குளிர்காலப் பொம்மை நிற்கும். அதைச் சுற்றி நெருப்பு வைத்து ஆடுவார்கள். எரிந்து முடிந்ததும் பெண்கள் சாம்பலை வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்துக்கொள்வார்கள், வருஷம் நல்லபடி போக. “நீங்களும் எடுப்பீர்களா?” என்றேன். “எடுக்காமல்?” என்றார்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அல்பெர்த்தோ மான்ஸி. 1960-களில் இத்தாலிய அரசுத் தொலைக்காட்சியில் தினமும் பெரிய தாளில் கரித்துண்டால் வரைந்து காட்டி, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த பள்ளி ஆசிரியர். லட்சக்கணக்கானவர்கள் அவரால் கையெழுத்துப் போடக் கற்றார்கள் என்று இத்தாலியர்கள் நன்றியோடு சொல்வார்கள். அவர் கடைசிக் காலத்தில் பித்திலியானோவின் மேயராக இருந்தார், 1997-ல் இங்கேதான் இறந்தார். கல்லறைகளும் ஒரு வியா காவாவும் இருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு அவர் பெயர்தான். எத்ருஸ்கர் வீடு ஒன்றை அங்கே கட்டிக் காட்டியிருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் தவறவிட வேண்டாம்.

பக்கத்தில் சொவானாவும் சொரானோவும் பத்து கிலோமீட்டருக்குள். சொவானா ஏழாம் கிரெகோரி போப் பிறந்த இடமாகச் சொல்லப்படுவது, ஒரே தெரு, அமைதி. சதூர்னியா வெந்நீர் ஊற்றுக்கு எல்லோரும் போகிறார்கள், கூட்டம் அதிகம். நேரம் குறைவென்றால் அதை விட்டுவிட்டு இன்னொரு வியா காவாவில் நடக்கலாம் என்பேன்.

பகலில் வந்து இரண்டு மணி நேரத்தில் படமெடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். முடிந்தால் ஊருக்குள் ஒரு ராத்திரி தங்குங்கள். பழைய ஊரில் வீடுகள் காலியாகிக்கொண்டே வருகின்றன, தங்குகிறவர்கள் கொடுக்கும் காசு இருக்கிறவர்களை இருக்க வைக்கிறது. நல்ல செருப்பு வேண்டும், மழை பெய்தால் வியே காவே வழுக்கும், சில சமயம் மூடியும்விடுவார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் வீட்டு நிலவறைகளைத் திறந்துவிட்டு ஒயின் திருவிழா நடக்கிறது. பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் பாறை எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்க அதுதான் நல்ல சமயம். ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் அது சனிக்கிழமையாக இருக்க வேண்டாம். அன்று யூதர்களின் ஓய்வுநாள், ஜெப ஆலயமும் அதற்குக் கீழே உள்ள அறைகளும் மூடியிருக்கும்.